மௌனமும் ஒரு வாக்குமூலமே

உலகம் சுற்றிய மொரோக்கோ நாட்டுப் பெருமகன் இப்னு பதூதா, ஹிஜ்ரி 726 (கி.பி. 1326) அளவில் எகிப்திலிருந்து ஷாம் நாட்டுக்குப் பாலைவழியே சென்றார். இடைவழியில் கத்யா என்று ஓர் ஊர். சுங்கம் வாங்குவோரும் எழுத்தர்களும் சாட்சிகளும் அங்கே அமர்ந்திருந்தனர். எகிப்தில் பெற்ற ‘பராஅத்’ என்னும் அனுமதிச் சீட்டின்றி எவரும் ஷாமுக்குள் செல்லல் இயலாது. ஷாமில் பெற்ற சீட்டின்றி எவரும் எகிப்துக்குள் வருதலும் இயலாது. குடிகளின் பொருளைக் காக்கவும், இராக்கிலிருந்து வரும் ஒற்றரைத் தடுக்கவும் இந்த ஏற்பாடு. இரவானதும் பாதையின் மணலைச் சமன் செய்து விடுவர். காலையில் அதிகாரி வந்து மணலை நோக்குவார். அடிச்சுவடு கண்டால், சென்றவனைத் தேடிப் பிடித்து வருமாறு பாலைவன அரபிகளை ஏவுவார். இதனைத் தம் பயண நூலில் இப்னு பதூதா வியப்போடு எழுதி வைத்துள்ளார்.

கடவுச்சீட்டும் விசாவும் நேற்றுத் தோன்றியவையல்ல என்பதை இதனால் அறிகிறோம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அதே இப்னு பதூதா பின்னர் டில்லியிலும் மாலத்தீவிலும் காஜியாகப் பதவி வகித்தார். மஃபர் எனப் பெற்ற நம் தமிழ்க் கரைக்கும் வந்து சென்றார். அங்கெல்லாம் அவரை, “நீ எந்நாட்டுக் குடிமகன்?” என்று எவரும் கேட்கவில்லை. அன்று சீட்டு, பாதையைக் கடப்பதற்கு மட்டுமே. இன்றோ ஒரு தாள், மனிதன் எந்த மண்ணுக்கு உரியவன் என்பதையும், அவன் மக்களும் பேரர்களும் எங்கே வாழலாம் என்பதையும் தீர்மானிக்கிறது.

புதுவை நகரில் காஜியார் வீதியிலும் முல்லா வீதியிலும் வாழ்வோர்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவருள் அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக் குடிமகன் என்னும் நிலை இங்குப் பல குடும்பங்களில் உண்டு. இருவரும் ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுவர். தேர்தல் வரும்போது ஒருவர் புதுவைச் சட்டமன்றத்திற்கும், மற்றவர் பாரிசில் அமரும் குடியரசுத் தலைவர்க்கும் வாக்களிப்பர். இந்தப் பிரிவு எவ்வாறு நேர்ந்தது? வாளாலோ போராலோ நேர்ந்ததன்று. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1963ஆம் ஆண்டு பிப்ரவரி வரை, ஆறே மாதங்களில், எழுதப்பட்ட சில தாள்களாலும் எழுதப்படாத பல தாள்களாலும் நேர்ந்தது.

பிரெஞ்சு ஆட்சியில் நம்மவர்

1816 இன் இறுதியில் ஆங்கிலேயர் புதுவையைப் பிரெஞ்சியரிடம் மீண்டும் ஒப்படைத்தனர். 1819 ஜனவரி 6 இல் வெளியான ஆணை, கிறித்தவர், ‘மூர்’ எனப் பெற்ற முஸ்லிம்கள், இந்துக்கள் ஆகியோர் முன்போலவே தத்தம் சட்டம், வழக்கம் ஆகியவற்றின்படி நீதி பெறுவர் என உறுதி கூறிற்று. நிக்காஹ், தலாக், வாரிசுரிமை ஆகியவற்றில் நம் முன்னோர் ஷரீஅத்தின்படியே நடந்தனர்.

1881 செப்டம்பர் 21 இல் மற்றோர் ஆணை பிறந்தது. விரும்பும் இந்தியர் தம் சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம். ஏற்றபின் திரும்ப இயலாது. புதிய குடும்பப் பெயரும் சூட்டிக்கொள்ள வேண்டும். இவர்களை ‘ரெனோன்சான்’, அதாவது துறந்தோர் என்றனர். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லபோர்த்’ என்னும் பெயரேற்று இதில் முன்னின்றார். துறந்தோரில் பெரும்பாலோர் கிறித்தவர். முஸ்லிம்கள் மிகச் சிலரே. ஷரீஅத்தின் வாரிசுரிமையை விட்டுக்கொடுக்க நம்மவர் மனம் இசையவில்லை. பின்னர் 1946 மே 7 இல் லமீன் கேய் என்னும் செனகல் நாட்டு முஸ்லிம் உறுப்பினரின் பெயரால் வழங்கும் சட்டம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதனால், சமயச் சட்டத்தைத் துறவாமலே கடல்கடந்த பிரெஞ்சு நாட்டுக் குடிகள் அனைவரும் குடிமக்கள் ஆயினர்.

இதற்குள் நம் சபுராளிகள் கடல் கடந்து விட்டனர். புதுவை, காரைக்கால் மக்கள் இந்தோசீனாவுக்குச் சென்று அரசு எழுத்தராயும் காவலராயும் படையில் ‘சொல்தா’வாயும் பணி செய்தனர். தமிழ் முஸ்லிம்கள் சைகோன் நகரில் துணிக்கடைகள் வைத்தனர். 1935 இல் தென்னிந்திய முஸ்லிம்கள் அந்நகரின் நடுவே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிலைத்து நிற்கிறது. அங்கேயும் தாளின் வேறுபாடு இருந்தது. ஆங்கிலேய இந்தியாவைச் சேர்ந்த ஊர்களிலிருந்து சென்றவர் அந்நியர். புதுவை, காரைக்காலிலிருந்து சென்றவர் பிரெஞ்சுக் குடிகள். மொழியும் மார்க்கமும் ஒன்றாயிருந்தும் பிறந்த ஊர் அவர்களை இருவகையாக்கிற்று.

உடன்படிக்கை வந்த வழி

1954 அக்டோபர் 18 இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினர்; எண்மர் மறுத்தனர். நவம்பர் 1 இல் ஆட்சி நடைமுறையில் இந்தியாவின் கைக்கு மாறிற்று. ஆனால் சட்டப்படி இது முழு மாற்றமன்று. 1956 மே 28 இல் புதுடில்லியில் ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதனைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் உடனே ஏற்கவில்லை. அல்ஜீரியாவில் விடுதலைப் போர் நடந்து கொண்டிருந்த காலம் அது. ஒரு மண்ணை விட்டுக்கொடுத்தால் மறு மண்ணும் போகும் என அங்குப் பலர் அஞ்சினர். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அம்மாதமே பிரெஞ்சு நாடாளுமன்றம் புதுவை உடன்படிக்கைக்கும் இசைவளித்தது. அல்ஜீரிய முஸ்லிம்களின் போராட்டமும் புதுவை முஸ்லிம்களின் குடியுரிமையும் இவ்வாறு ஒரு நூலில் கோக்கப்பட்டிருந்ததை இன்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

1962 ஆகஸ்டு 16 இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஹிஜ்ரி 1382, ரபீவுல் அவ்வல் மாதம். அன்று தொடங்கிய ஆறு மாதக் கெடு 1963 பிப்ரவரி 16 இல், அவ்வாண்டு ரமழான் இருபதை ஒட்டி முடிந்தது. மவ்லூது மாதத்தில் தொடங்கி நோன்பில் முடிந்த அந்தக் காலத்தில் புதுவையின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சாக இருந்தது என எம் பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம்.

சட்டம் சொன்னது

அந்த உடன்படிக்கையின் குடியுரிமை விதிகளை, ஒரு மத்னை விளக்குவது போலச் சற்று நின்று பார்ப்போம். அது இரண்டே கேள்விகளைக் கேட்டது. எங்கே பிறந்தாய்? 1962 ஆகஸ்டு 16 அன்று எங்கே குடியிருந்தாய்?

பிரெஞ்சு எல்லையில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர், தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆவர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பினால், ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு இரு படிகள்: ஒன்று பிரெஞ்சில், ஒன்று ஆங்கிலத்தில். அங்கே பிறந்து சென்னையிலோ கடலூரிலோ இந்திய யூனியனின் வேறிடத்திலோ குடியிருந்தவர்க்கும் இதுவே விதி. அங்கே பிறந்து சைகோனிலோ பாரிசிலோ வேறு வெளிநாட்டிலோ குடியிருந்தவர்க்கு விதி தலைகீழ். அவர் தாமாகவே பிரெஞ்சியராய் நீடிப்பார். இந்தியராக விரும்பினால் ஆறு மாதத்திற்குள் இந்திய அதிகாரிகள் முன் கையெழுத்திட வேண்டும்.

மணமாகாத, 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் அறிவிப்பு தீர்மானித்தது. தந்தை இல்லையேல் தாய், இருவரும் இல்லையேல் காப்பாளர். பிள்ளைகளின் பெயர் அறிவிப்பில் இருத்தல் வேண்டும். 16 வயதைக் கடந்த மணமான ஆண் தானே தேர்ந்து கொள்ளலாம். பெற்றோரின் முடிவால் பிரெஞ்சியரான பிள்ளை, 18 நிரம்பிய ஆறு மாதத்திற்குள் இந்தியக் குடியுரிமையை நாடவும் வழி இருந்தது. கணவனின் தேர்வு மனைவியைக் கட்டுப்படுத்தாது என்பதும் அதில் தெளிவாக எழுதப்பட்டது. மனைவி தனக்கென ஒரு தாள் எழுத வேண்டும். இதை அறியாத வீடுகளில் கணவர் கையெழுத்திட்டார். பிள்ளைகளின் பெயரையும் சேர்த்தார். இல்லத்தரசி, தாமும் அதில் அடக்கம் என எண்ணி இருந்துவிட்டார். சட்டத்தின் கண்ணில் கணவரும் மக்களும் பிரெஞ்சியர். தாய் மட்டும் இந்தியர்.

ஆறு மாதம் குறுகிய காலம் எனத் தோன்றலாம். அதே 1962 இல் கோவா, டாமன், டையூ மக்களுக்கு மார்ச் 28 ஆம் நாள் ஆணை, போர்த்துகீசியக் குடியுரிமையைத் தக்கவைக்கும் அறிவிப்புக்கு ஒரே மாதம்தான் கொடுத்தது. அதனோடு ஒப்பிட்டால் புதுவைக்குக் கிடைத்தது தாராளமே.

1961 மக்கள் தொகைக் கணக்கில் புதுவை, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கிலும் சேர்த்து 3,69,000 பேர் இருந்தனர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்தவர் ஏறத்தாழ 5000 பேரே. ஏனையோர் எந்தத் தாளும் எழுதவில்லை. எழுதாமையால் இந்தியர் ஆயினர். விடுதலை பெற்ற தாய்நாட்டில் வாழவே பலர் மனமார விரும்பினர். அவர்களுக்கு எழுத வேண்டிய தேவையே இல்லை. வேறு சிலர் விதியை அறியாமல் இருந்தனர். சட்டம் இவ்விருவரையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

பிக்ஹுக் கலையில் ஒரு விதி உண்டு. பேசாதிருப்பவர் மீது ஒரு சொல்லை ஏற்றிக் கூறலாகாது. ஆயினும் பேசியாக வேண்டிய இடத்தில் பேசாதிருத்தல் பேசியதற்கு ஒப்பாகும் என்பது அதன் கருத்து. உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’வில் இது 67ஆம் விதி. கன்னிப்பெண்ணிடம் நிக்காஹுக்குச் சம்மதம் கேட்கையில் அவள் மௌனமே சம்மதமாவதை மதரஸாவில் இதற்கு உதாரணமாக ஓதிக் கொடுப்பர். புதுவை உடன்படிக்கையைப் படிக்கும்போதெல்லாம் இவ்விதியே எமக்கு நினைவில் எழும். உள்ளூரில் மௌனமாக இருந்தவர், “நான் இந்தியன்” என்றார். சைகோனில் மௌனமாக இருந்தவர், “நான் பிரெஞ்சியன்” என்றார். இருவரும் வாய் திறக்கவில்லை. இடம் அவர்களுக்காகப் பேசிற்று.

ஒரு குடும்பத்தின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், 2014 அளவில், நாற்பது வயதைக் கடந்த ஒருவர் எம்மிடம் வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதனுள் பழைய தாள்கள். தம் பாட்டனாரின் நிக்காஹ் பதிவைப் படித்துத் தேதியைக் கணித்துத் தர வேண்டும் என்றார். அரபுத்தமிழில் எழுதிய ஏட்டின் படி அது. ஹிஜ்ரி தேதி மட்டுமே இருந்தது. பிரெஞ்சுப் பிறப்புப் பதிவான ‘எத்தாசிவில்’ தாளில் அதே பாட்டனார் பெயர் பிரெஞ்சு உச்சரிப்பிற்கேற்ப வேறு எழுத்துகளில் இருந்தது. எமது ஏட்டில் ‘அப்துல் காதிறு’. அங்கே ‘அப்தூல் கதேர்’. இருவரும் ஒருவரே என மெய்ப்பிப்பதற்கே பெரும்பாடாயிற்று.

பாட்டனார் சைகோனில் கடை வைத்திருந்தவர். அவர்க்கு மூன்று மக்கள். மூத்தவர் புதுவையில் பிறந்து புதுவையிலேயே இருந்தார். நடுவர் புதுவையில் பிறந்து சைகோனில் கடையைப் பார்த்தார். இளையவர் சைகோனில் பிறந்து, சிறுவயதிலேயே படிப்புக்காகப் புதுவைக்கு அனுப்பப்பட்டவர். 1962 இல் மூவரும் தாள் எதுவும் எழுதவில்லை. மூத்தவர் இந்தியர் ஆனார். நடுவர் பிரெஞ்சியராகவே நீடித்தார். 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தபின் கடையை இழந்து, கைப்பெட்டியோடு பிரான்சு போய்ச் சேர்ந்தார்.

இளையவர் நிலைதான் விந்தையானது. உடன்படிக்கை, பிரெஞ்சு எல்லையில் பிறந்தோரைப் பற்றியே பேசிற்று. எல்லைக்கு வெளியே, சைகோன் போன்ற இடங்களில் பிறந்த பிரெஞ்சியரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உடன்படிக்கை அவர்களைத் தொடாததால், எந்த அறிவிப்பும் இன்றியே அவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை இழக்காமல் இருந்தனர் என்பது பிரெஞ்சுச் சட்டத்தின் நிலை. இங்கே மௌனம் சாதித்தது மனிதரன்று, உடன்படிக்கையே.

இளையவர் இதனை அறியவில்லை. புதுவையில் வாழ்ந்தார்; இந்தியராகவே வாக்களித்தார்; இந்தியராகவே மறைந்தார். அவர் மகன்தான் எம்மிடம் துணிப்பையோடு வந்தவர். பெரியப்பா மக்கள் பிரான்சில் இருந்து விடுமுறைக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டு, முதன்முறையாகப் பாட்டனாரின் பெட்டியைத் திறந்திருக்கிறார்.

நாம் தேதியைக் கணித்துக் கொடுத்தோம். அவர் அதனை ஒரு வழக்கறிஞரிடம் கொண்டு சென்றார். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. பிரெஞ்சுச் சிவில் சட்டத்தில் இன்னொரு கெடு உண்டு. ஒருவரும் அவர் முன்னோரும் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து, அவரோ அவர் பெற்றோரோ பிரெஞ்சியராக நடந்துகொண்டதற்கும் நடத்தப்பட்டதற்கும் அடையாளம் இல்லையெனில், வமிசவழிக் குடியுரிமையை மெய்ப்பிக்க நீதிமன்றம் இடங்கொடாது. புதுவை மக்களுக்கு அந்த ஐம்பது ஆண்டு 1962 ஆகஸ்டு 16 இல் தொடங்கி, 2012 ஆகஸ்டு 16 இல் முடிந்தது. அவர் பெட்டியைத் திறந்தது இரண்டு ஆண்டு கழித்து.

“ஹஜரத், வாப்பா நல்லாத்தான் வாழ்ந்தார். எனக்கும் குறையொன்றுமில்லை. ஆனால் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதுதான் உறுத்துகிறது” என்றார் அவர். அதற்கு விடை கூற எம்மிடம் ஒரு மஸ்அலாவும் இருக்கவில்லை.

பெற்றதும் இழந்ததும்

பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்தோர் எல்லாம் பெற்றவர், விட்டோர் எல்லாம் இழந்தவர் எனக் கருதுதல் பிழை. தக்கவைத்தோர்க்குப் படைப்பணி ஓய்வூதியம் முதலியவையும் பிரான்சில் வாழும் உரிமையும் உண்டு. ஆனால் பிறந்த தெருவிலேயே அவர்கள் சட்டப்படி அந்நியர். பதிவு அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும். இந்தியத் தேர்தலில் வாக்கில்லை. இந்திய அரசியல் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடியுரிமையை இழப்பார். பிரான்சு இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. இரு சட்டங்களின் நடுவே நிற்பவர் இரண்டையும் படித்தாக வேண்டும்.

2005 இல் செயலுக்கு வந்த வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டைத் திட்டம் இவர்களுக்கு ஓரளவு ஆறுதல் தந்தது. 1947 ஆகஸ்டு 15 க்குப் பின்னர் இந்தியாவின் பகுதியான நிலத்தைச் சேர்ந்தவர்க்கும் அவ்வட்டை உண்டு என விதி கூறுகிறது. இவ்வரி புதுவைக்கும் கோவாவுக்கும் பொருந்துவது. அட்டை பெற்றவர் விசா இன்றி வரலாம், தங்கலாம். எனினும் வாக்குரிமை இல்லை. பெயரில் குடியுரிமை என்றிருப்பினும் அது முழுக் குடியுரிமையன்று.

இன்றைய சபுராளிகள்

நம் பிள்ளைகள் இன்று சைகோனுக்குச் செல்வதில்லை; வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றனர். பெயர்கள் மாறின, கேள்விகள் மாறவில்லை. வளைகுடாவின் ‘இகாமா’ வேலையோடு கட்டுண்டது. அமெரிக்காவின் நிலைவாழ்வு அட்டை, மக்கள் வழங்கும் ‘கிரீன் கார்டு’, வேலைவாய்ப்பு வழியில் ஆண்டுக்கு 1,40,000 அளவில் ஒதுக்கப்படுகிறது. எந்த ஒரு நாட்டினர்க்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. அங்கே நாட்டைக் கணக்கிடுவது கடவுச்சீட்டைக் கொண்டன்று. பிறந்த ஊரைக் கொண்டே. புதுவையில் பிறந்தவர் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருப்பினும் இந்தியாவின் நீண்ட வரிசையில்தான் நிற்க வேண்டும். கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்தவராயின், அந்நாட்டு வரிசையில் இருவரும் சேர இடமுண்டு. பெற்றோரின் மனுவில் சேர்ந்த பிள்ளைக்கு 21 வயது நிரம்பினால் அதிலிருந்து விலக நேரும். 2002ஆம் ஆண்டுச் சட்டம் வயதைக் கணக்கிடுவதில் ஓரளவு சலுகை தருகிறது. எங்கே பிறந்தாய், எத்தனை வயது, எந்த நாளுக்குள் கேட்டாய் என்பவையே இன்றும் கேள்விகள்.

ஆகவே வாசக அன்பர்கள் மூன்றை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். பிறப்பு, நிக்காஹ், மௌத் ஆகிய மூன்றின் பதிவையும் அரசு ஏட்டிலும் ஜமாஅத் ஏட்டிலும் ஒரே எழுத்தில் பதிந்து வையுங்கள். குடும்பத் தலைவர் கையெழுத்திட்டால் போதும் என எண்ணாமல், இல்லத்தரசியின் உரிமையைத் தனியே கேட்டறியுங்கள். தரகர் சொல்லை நம்பாமல், விதியைத் தாமே படித்தோ, தெரிந்தவரிடம் படிக்கச் சொல்லியோ, கெடு முடியுமுன் முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்பதும் முடிவே. அது அறிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

துணிப்பை அன்பர் வந்து சென்றபின் நாம் ஒரு சிறு பணியைத் தொடங்கினோம். பழைய நிக்காஹ் ஏடுகளை மதரஸா மாணவர்களோடு அமர்ந்து படித்து, ஹிஜ்ரித் தேதிக்கு நேரே ஆங்கிலத் தேதியும், அரபுத்தமிழ்ப் பெயருக்கு நேரே தமிழ்ப் பெயரும் எழுதி வருகிறோம். பூச்சி அரித்த பக்கங்கள் பல. ஆயினும் ஒவ்வொரு பக்கம் முடியும்போதும், பேச முடியாமற் போன யாரோ ஒருவர்க்காக ஒரு சொல் எழுதி வைத்தோம் என்னும் நிறைவு உண்டாகிறது. பிற ஊர் ஜமாஅத்தாரும் இதனைச் செய்யலாம்; ஏடு இருக்கும்போதே செய்யலாம்.